விடைத்தாளின் முதல் வரி

அத்தியாயம் பதினேழு

"போயிட்டு வாம்மா. இந்தத் தடவை உனக்குக் கிடைச்சிடும்."

சென்ற வாரம் சாவ்வாஸ் தன் மகளிடம் சொன்ன வார்த்தை இது. மூன்று வருடமாக மகள் மருத்துவப் படிப்பு என்று வாயெடுத்தாலே தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடும் மனிதர், திடீரென்று கனிந்து இப்படிச் சொன்னதும் சிமேலா குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான். அப்பா கடைசியில் தன்னை நம்பிவிட்டார் என்ற நினைப்பிலேயே வாரம் முழுக்க உற்சாகமாகப் படித்தாள். பாவம், அந்த ஒரு வாரமாவது அவளுக்குக் கிடைத்ததே என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, புனித சாவ்வாஸின் நாள். அந்தப் பெயர் கொண்ட எல்லா ஆண்களுக்கும் பெயர்த் திருநாள். கொசானி ஊர்க்காரர்கள் பிறந்த நாளை மறந்தாலும் மறப்பார்கள், பெயர்த் திருநாளை மறப்பதில்லை. யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கோயில் வழிபாடு முடிந்ததும் தெரிந்தவர், தெரியாதவர், போன வருடம் சண்டை போட்டவர் என்று எல்லோரும் இனிப்புப் பெட்டியோடு படியேறி வந்துவிடுவார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, தட்டை நிரப்பிக்கொண்டே இருப்பது வீட்டுக்காரி பாடு.

அந்த வீட்டுக்காரி, சாவ்வாஸின் மனைவி பார்த்தேனா, விடியும் முன்பே எழுந்து மாவைத் தகடு தகடாகத் தேய்த்து, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பெரிய தட்டுகளில் பீத்தா சுட்டுக்கொண்டிருந்தாள். உள்ளறையில் சிமேலா கழுத்து நரம்புகளைப் பெயர் பெயராக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலை தேர்வு. முதல் தாளே உடற்கூறியல். மாலைப் பேருந்தைப் பிடித்தால்தான் கல்லூரி இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, கொஞ்சம் தூங்கி எழ முடியும்.

"நரம்பெல்லாம் அங்கேயேதான் இருக்கும். ஓடிப்போகாது. வந்து இந்தத் தட்டைப் பிடி" என்றாள் பார்த்தேனா.

சிமேலாவுக்கு வயது முப்பது. இயந்திரப் பொறியாளர். ஐந்து வருடம் படித்து, நிலக்கரிச் சுரங்கத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவள். அப்பாவும் அதே சுரங்கத்தில் ஷிப்டு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இலையுதிர் காலத்தில் அவள் வேலையை விட்டாள். சுரங்கத்தையே மூடப்போகிறார்கள், இன்றோ நாளையோ அனுப்பத்தான் போகிறார்கள் என்று அம்மாவுக்குச் சமாதானம் சொன்னாள். உண்மைக் காரணம் வேறு என்று அம்மாவுக்கும் தெரியும்.

வேறு பட்டம் வாங்கியவர்கள் மருத்துவம் படிக்க ஒரு சின்ன வாசல் இருக்கிறது. மூன்று தாள் எழுத வேண்டும். தேறினால் நேராக இரண்டாம் வருடத்தில் போய் உட்காரலாம். இடங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. போன மாதம் விண்ணப்பிக்கப் போனபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மனிதர் அவளுடைய பட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக்கல் இன்ஜினீயரா? லிஃப்ட் ரிப்பேருக்கு ஆள் எடுக்கிறது கீழ் மாடிம்மா" என்றார். அவர் இப்படிக் கிண்டல் செய்வது இது மூன்றாவது வருடம். சிமேலாவுக்கே பழகிப்போய்விட்டது.

முதல் தடவை தோற்றாள். இரண்டாம் தடவை ஒரே ஒரு இடத்தில் நழுவிவிட்டது. ஆனாலும் அந்தத் தேர்வின் மேல் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. விடைத்தாளின் மூலையில் எழுதிய பெயரின் மேல் கறுப்புத் தாளை ஒட்டிவிடுவார்கள். யார் மகள், யாருக்கு வேண்டியவள் என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. ஒரு குழாய் இணைப்புக்குக்கூட யாரையாவது பிடித்தாக வேண்டிய ஊரில், அந்தக் கறுப்புத் தாள் ஒன்றுதான் நியாயமாகப் பட்டது அவளுக்கு.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று புதிதாக வந்த வாசகர்கள் கேட்கலாம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் சுத்தம் செய்துகொண்டிருந்த பந்தேலிஸ் என்ற தொழிலாளியை உருளை இழுத்துவிட்டது. முதலில் ஓடிப்போனவர்களில் சிமேலாவும் ஒருத்தி. எந்த மரையைக் கழற்றினால் பெல்ட் தளரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கழற்றினாள். ஆளை வெளியே எடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கே அழுத்தினால் ரத்தம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே செத்துப்போனான்.

பெல்ட் ஓரமாக ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்றால் யார் இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும். அன்று பந்தேலிஸ் அதை இழுத்தான், நிற்கவில்லை. கரிக்கட்டி பட்டு அடிக்கடி வேலை நிற்கிறது என்று பெல்ட் வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரின் ஆட்கள் அந்தக் கயிற்றைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். அவிழ்க்கச் சொல்லிக் கத்தியவர், அதைச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவர் ஒரே ஒருவர், சாவ்வாஸ். வழக்கு நடக்கிறது. விசாரணை இந்த மாதம்தான்.

நண்பகலுக்குள் கூடம் நிறைந்துவிட்டது. "பல்லாண்டு இரு சாவ்வாஸ்!" என்று ஆளாளுக்குக் கன்னத்தில் முத்தமிட்டார்கள். சாவ்வாஸ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், யாருக்கோ நடக்கும் விருந்துக்கு வந்தவர்போல நின்றுகொண்டிருந்தார்.

சோபாவின் நடுவில் அவருடைய அக்கா கிரியாக்கி ராணி மாதிரி அமர்ந்திருந்தாள்.

"இதுல பாலாடைக்கட்டி இருக்கா? நான் கிறிஸ்துமஸ் வரைக்கும் நோன்பு."

"இருக்கு அத்தை" என்றாள் சிமேலா.

"அப்போ சின்னத் துண்டா குடு." பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். "ஏண்டி, நீ டாக்டராகி வெளிய வர்றதுக்குள்ள என் முழங்கால் மண்ணுக்குள்ள போயிடுமே?"

"முழங்காலை மட்டும் தனியா எடுத்து வைக்கச் சொல்றேன் அத்தை."

"வாய் மட்டும் இப்பவே டாக்டர் வாய். தூ, தூ, தூ! கண்ணு படாம இருக்கட்டும்." அத்தை பக்கத்திலிருந்தவளிடம் திரும்பினாள். "பத்தொன்பது வயசுப் பசங்களோட பெஞ்சுல உட்காரப் போறாளாம். அங்கயாவது ஒரு மாப்பிள்ளை ஆப்பிட்டா சரி."

கூடம் சிரித்தது. சிமேலாவும் சிரித்தாள். ஒரு வாரமாக அவளுக்கு எதற்கும் கோபம் வரவில்லை.

அப்போதுதான் அனதோலி வந்தாள். பந்தேலிஸின் மனைவி. மூன்று வருடமாகக் கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்தாதவள். வால்நட் இனிப்புத் தட்டை இரண்டு கையாலும் நீட்டி, "பல்லாண்டு இருங்கண்ணே" என்றாள். சாவ்வாஸ் தட்டை வாங்கினார். முகத்தைப் பார்க்கவில்லை. "அடுப்புக்கு விறகு கொண்டாறேன்" என்று வெளியே போய்விட்டார். அடுப்பில் விறகு நிறைய எரிந்துகொண்டிருந்தது.

அனதோலி கதவோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்த்தேனா காபியை நீட்டினாள்.

"பதினஞ்சாம் தேதி விசாரணை பார்த்தேனா. அண்ணன் வந்து நின்னு சொல்றது ஒண்ணுதான் எனக்கு இருக்கிற பலம். வக்கீலும் அதையேதான் சொல்றார். நாளைக்குக் காலையில என்னை வரச் சொல்லியிருக்கார்."

"எந்த ஊர் வக்கீல் சித்தி?" என்று கேட்டாள் சிமேலா.

"உன் காலேஜ் இருக்கிற ஊர்தாம்மா. இங்க இருக்கிறவங்க எவன் அந்த ஆளை எதிர்த்து வழக்கு எடுப்பான்? சாயங்கால பஸ்ல நீயும் வர்றேல்ல? சேர்ந்தே போலாம். உன் பக்கத்துல உட்கார்ந்து பேசாம வர்றேன். நீ பாட்டுக்குப் படி."

"நீங்க பேசிட்டே வாங்க சித்தி. எனக்குப் படிச்சது போதும்."

படிக்கட்டில் கனத்த செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் நின்றவரைப் பார்த்ததும் கிரியாக்கி அத்தைகூட மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

தியோகாரிஸ்! அந்தக் குத்தகைக்காரர். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து குழந்தை சிமேலாவைக் கையில் ஏந்தி எடுத்தவர், அவளுக்குப் பெயர் வைத்தவர். பந்தேலிஸ் செத்ததிலிருந்து இந்த வீட்டுப் படியை மிதிக்காதவர். இன்று ரிப்பன் கட்டிய பெரிய இனிப்புப் பெட்டியோடு, நேற்றுத்தான் வந்துபோனவர்போல நிற்கிறார்.

எல்லோரும் சாவ்வாஸைத் திரும்பிப் பார்த்தார்கள். விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தார்கள். சாவ்வாஸ் கையிலிருந்த விறகைக் கீழே வைத்துவிட்டு, நடந்து போய், அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

அனதோலி காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். "பஸ் ஸ்டாண்டுல பார்க்கலாம்மா" என்று சிமேலாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, தியோகாரிஸின் தோளில் உரசாமல் ஒதுங்கிப் படி இறங்கினாள்.

"நம்ம டாக்டரம்மாவுக்கு!" தியோகாரிஸ் கோப்பையை உயர்த்தினார்.

"இன்னும் ஆகலையே" என்றார் யாரோ.

"ஆகிட்ட மாதிரிதான்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு, சிமேலாவைப் பால்கனிக்குத் தலையசைத்துக் கூப்பிட்டார்.

வெளியே மூடுபனி. தூரத்தில் புகைபோக்கிகளின் தலை மட்டும் தெரிந்தது. தியோகாரிஸ் கதவைச் சாத்தினார்.

"உள்ள காது அதிகம். கேளு பொண்ணே. நாளைக்கு உடற்கூறுத் தாள் திருத்தப்போறவர் எனக்கு ரொம்ப வேண்டியவர். அவர் தம்பிக்கு வீடு கட்டிக் கொடுத்தது நான்தான்."

சிமேலாவுக்கு முதலில் விளங்கவில்லை. "பேரு மேல கறுப்புத் தாள் ஒட்டிடுவாங்க ஞானப்பா."

"ஒட்டட்டுமே! நீ எழுதுற வரி மேலயும் ஒட்டுவாங்களா? முதல் கேள்விக்குப் பதில் எழுதும்போது முதல் வரியை இப்படித் தொடங்கு: 'உயிருள்ள உடலைப் பற்றிப் பேசத் தொடங்குமுன்.' அவ்வளவுதான். அப்புறம் உனக்குத் தெரிஞ்சதை எழுது. நம்ம பொண்ணு தாள் இதுன்னு அவர் புரிஞ்சுக்குவார். திருப்பிச் சொல்லு பார்ப்போம்."

"நான் உங்ககிட்டக் கேட்டேனா?"

"நீ எங்க கேட்ட? உங்கப்பன் கேட்டான். என் ஆபீசுக்கு வந்து தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னான். சாவ்வாஸ்! சுரங்கத்துக்கு டைரக்டர் வந்தாலே தொப்பி கழட்டாத ஆளு. எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. இப்போதும் அவர் கண் கலங்கித்தான் இருந்தது. இந்த மாதிரி மனிதர்களிடம் அதுதான் கஷ்டம். பாசமும் உண்மையாகவே இருந்து தொலைக்கிறது.

"சும்மாவா செஞ்சீங்க?" என்றாள் சிமேலா.

"ஞானஸ்நான உறவுக்குள்ள கொடுக்கல் வாங்கல் என்ன பேச்சு?" அவள் தலையில் கைவைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே யாரோ பாட்டுப் போட்டார்கள்.

மாலையில் சாவ்வாஸ்தான் அவளைப் பேருந்து நிலையத்துக்குக் காரில் அழைத்துப் போனார். விருந்தாளிகள் இன்னும் கலையவில்லை. பார்த்தேனா மகளுக்கு பீத்தாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினாள். பாதி வழி போன பிறகுதான் சிமேலா கேட்டாள்.

"என்ன கொடுத்தீங்கப்பா அவருக்கு?"

சாவ்வாஸ் வண்டியின் முன்கண்ணாடியைக் கையால் துடைத்தார். பனி வெளியில் இருந்தது. துடைத்து என்ன பயன்.

"அப்பா, கேக்குறேன்ல."

"வியாழக்கிழமை அவனோட வக்கீல் ஆபீசுக்குப் போனேன். கயிறு கட்டியிருந்ததைப் பார்த்ததா எனக்கு ஞாபகம் இல்லைன்னு எழுதி வச்சிருந்தாங்க. கையெழுத்துப் போட்டேன்."

சிமேலா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்க அந்தக் கம்பியை? 'பாரு, பாவிங்க, மனுஷன் உயிரைக் கம்பியால கட்டி வச்சிருக்காங்க'ன்னு கத்தினீங்களே?"

"கத்தினேன். அவனுக என்னிக்கு அவிழ்த்தானுக? செத்தவன் இனி வரப்போறதில்லை சிமேலா. நீ உயிரோட இருக்க."

"அதுக்காக?"

"போன வருஷம் ஒரு இடத்துல போச்சுன்னு வந்து படுத்தியே, ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் நீ கதவைத் திறக்கலை. உங்கம்மா தட்டை வாசல்ல வச்சிட்டு வருவா. அது அப்படியே இருக்கும். நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில உட்கார்ந்துக்கிட்டு, உள்ள மூச்சுச் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். உனக்குத் தெரியாது அது."

அவளுக்குத் தெரியாது. திட்டுவதற்குத் திரட்டி வைத்திருந்த வார்த்தையையெல்லாம் விட்டுவிட்டாள்.

"இந்தத் தடவை நானே எழுதித் தேறியிருப்பேன்பா. நீங்க என்னை நம்பலை."

"உன்னை நம்பினேன். அவங்களைத்தான் நம்பலை. மத்த இடங்களுக்கு வர்றவனுக்கு மட்டும் ஞானத்தகப்பன் கிடையாதா?"

"அப்போ போன வாரம் சொன்னீங்களே, கிடைச்சிடும்னு..."

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது; பச்சை வந்தும் கொஞ்ச நேரம் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"நான் அந்த வரியை எழுத மாட்டேன்" என்றாள் சிமேலா.

"எழுதாட்டியும் என் கையெழுத்து அங்கதான் இருக்கும்."

"விசாரணையில மாத்திச் சொல்லுங்க. நின்னு சொல்லுங்க, பார்த்தேன்னு."

"சொன்னா என்னைத்தான் பொய்யன்னு உள்ள தள்ளுவாங்க. தியோகாரிஸ் விட்டுடுவானா? போட்டது போட்டாச்சும்மா." வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். சற்றுத் தள்ளி, விளக்குக் கம்பத்தடியில் அனதோலி கறுப்பு முக்காட்டோடு நின்றுகொண்டிருந்தாள். சாவ்வாஸ் அவளைப் பார்த்துவிட்டார். பெயர்த் திருநாள் சட்டையோடு, மகளுக்கு ஒரு முத்தம்கூடக் கொடுக்காமல் வண்டிக்குள் ஏறிக்கொண்டார்.

பேருந்தில் பாதி இருக்கை காலி. அனதோலி சொன்னபடியே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், சொன்னபடியே பேசாமல் வந்தாள். சிமேலா மடியில் புத்தகத்தை விரித்தாள். கழுத்தின் படம். நூறு தடவை பார்த்த படம். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. உயிருள்ள உடலைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், உயிருள்ள உடலைப் பற்றிப் பேசத் தொடங்குமுன். வேண்டாம் என்றாலும் மனப்பாடமாகிவிட்டது.

எழுதாமல் விடுவது என்று முடிவு செய்தாகிவிட்டது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எழுதாமலே தேறினால்? கொசானியில் யார் நம்புவார்கள்? அவளேகூட நம்புவாளா? தோற்றாலோ, அப்பா விற்றது வெறுமனே விற்றதாகப் போகும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவள் கைக்கு அழுக்குத்தான் மிஞ்சுகிறது. மூன்று வருடத்தில் முதல்முறையாக, இந்தத் தேர்வே வேண்டாம், இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. திரும்பி எங்கே போவது? வேலை இல்லை. சுரங்கம் இல்லை. அந்த வீட்டில் அப்பா இருக்கிறார்.

"புத்தகத்தைத் தலைகீழா வச்சிருக்க" என்றாள் அனதோலி.

இல்லை, நேராகத்தான் இருந்தது. சிமேலா குனிந்து பார்த்ததும் அனதோலி லேசாகச் சிரித்தாள். "பார்த்தியா, நீ படிக்கலை. என்னம்மா?"

"ஒண்ணுமில்லை சித்தி."

"தியோகாரிஸ் எதுக்கு வந்தான்?"

சிமேலா புத்தகத்தை மூடினாள்.

"அண்ணன் அவனைக் கட்டிக்கிட்டதை நான் பார்த்தேன். பெயர்த் திருநாளன்னிக்கு வந்தவனை விரட்டக் கூடாதுன்னு செஞ்சிருப்பார்னு என்னையே சமாதானப்படுத்திக்கிட்டு வர்றேன். இன்னிக்கு அவர் என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. நீ பார்க்குறியான்னு பார்க்கத்தான் உன் பக்கத்துல வந்து உட்கார்ந்தேன்."

சிமேலா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. சொன்னாள். அப்பா தொப்பியோடு நின்றதை, வக்கீல் அலுவலகத்தை, கறுப்புத் தாளை, முதல் வரியை, எல்லாவற்றையும் சொன்னாள். அனதோலி கேட்டது ஒன்றைத்தான்.

"என்னிக்குக் கையெழுத்துப் போட்டார்?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை." அனதோலி தலையை ஆட்டினாள். "அன்னிக்குச் சாயங்காலம் ஒரு டிராக்டர் விறகு கொண்டாந்து என் வீட்டு வாசல்ல இறக்கினார். உள்ள வாங்கண்ணே, ஒரு காபி குடிங்கன்னு கெஞ்சினேன். நிக்கவே இல்லை. குளிர்காலம் முழுக்க எரிக்கலாம், அவ்வளவு விறகு."

"நான் அந்த வரியை எழுத மாட்டேன் சித்தி. சத்தியமா எழுத மாட்டேன். உங்க வக்கீல்கிட்ட நானே வந்து சொல்றேன். அப்பா எனக்குக் கம்பியைக் காட்டினார்னு நான் சாட்சி சொல்றேன்."

சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். எதற்குக் காத்திருந்தாள்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு வார்த்தைக்கு. எழுதாதே என்று யாராவது ஒருவர் அவளிடம் சொல்ல வேண்டும். அப்பா சொல்லவில்லை; சொல்லக்கூடிய உரிமை உள்ள ஒரே ஆள் இவள்தான். இவள் ஒரு அறை விட்டு, எழுதாதே என்று சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாகப் போய்த் தோற்கலாம்.

"அந்த வரி என்ன? இன்னொரு தடவை சொல்லு" என்றாள் அனதோலி.

"எதுக்கு சித்தி?"

"சொல்லு."

சிமேலா சொன்னாள். அனதோலி அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"எழுது" என்றாள்.

"சித்தி!"

"எழுது. தப்பில்லாம எழுது. அந்த வரிக்கு விலை கொடுத்தது உங்கப்பன் இல்லை, என் புருஷன். நீ எழுதாம வந்தா அதுவும் வீணாத்தானே போகும்? எனக்கு ஒண்ணும் கிடைக்கப்போறதில்லைன்னு ஆயிடுச்சு. உனக்காவது கிடைக்கட்டும்." கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் மீந்துபோன காயை எடுத்துக்கொண்டு போ என்பதுபோலச் சொன்னாள். "வக்கீலைப் பார்க்குறியா, பார்க்கலையா, அது உன் இஷ்டம். நான் உன்னைக் கூப்பிட மாட்டேன்."

அழுதால் தேவலை என்று சிமேலாவுக்கு இருந்தது. அழுகை வரவில்லை. அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள். அனதோலி கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

வழியில் ஒரு காபிக் கடையருகே பேருந்து நின்றது. எல்லோரும் கால் நீட்ட இறங்கினார்கள். அனதோலியும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சிமேலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் காபி வாங்கவில்லை, கடைக்குள்ளும் போகவில்லை, பனியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்ததும் ஒவ்வொருவராக ஏறினார்கள். சிமேலா தன் பெட்டியை நகர்த்தி, பீத்தாப் பொட்டலத்திலிருந்து பக்கத்து இருக்கையில் கொட்டிக் கிடந்த துகளைத் தட்டிவிட்டு, இடம் செய்து வைத்தாள்.

அனதோலி ஏறினாள். அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு டிரைவருக்குப் பின்னால் இருந்த காலி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.